முதுமையின் மேல் பழி போடாதீர்கள்: மருத்துவமனைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

சில வாரங்களுக்கு முன்னால் எனக்கு மூன்று வரியில் ஒரு பதில் கடிதம் வந்தது. "நோயாளிக்கு வயது 84. அவருக்கு ஏற்பட்ட மனக்குழப்பமும் நடைத் தடுமாற்றமும் முதுமையின் இயல்பான விளைவுகள். சிகிச்சையில் குறைபாடு ஏதும் இல்லை." அந்த நோயாளி என் அம்மா. கடிதம் எழுதியது எங்கள் பகுதியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. அதன் பெயரை எழுதப் போவதில்லை. இந்த மூன்று வரியை எழுதக்கூடிய மருத்துவமனைகள் ஊருக்கு ஊர் உண்டு. 31 வருடம் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், எனக்கு அது தெரியும். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசி அடைமழையில் அம்மாவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. சிறுநீர் போகும்போது எரிச்சல். அட்மிட் ஆன அன்று காலையில்கூட அம்மா திண்ணையில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பாக்குவெட்டியில் சீவல் காகிதம் மாதிரி மெலிசாக விழும். கண்ணாடி போடாமலே வெட்டுவார். பேரன் பேத்திகளின் நட்சத்திரம், யார் யாருக்கு எவ்வளவு கைமாற்று கொடுத்தது, எல்லாம் மனதில் இருக்கும். வீட்டில் அவர் சாப்பிட்டது நாலே மாத்திரை: பிபிக்கு அம்லோடிபின் 5, தைராய்டுக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, கால்சியம்.

முதல் நாள் மாலை டிரிப் ஏறும்போது உடம்பு தூக்கிப் போட்டது. ஃபெனிரமின் என்ற பழைய அலர்ஜி ஊசியைப் போட்டார்கள். அதன் பிறகு "குளிர் விட்டுடுச்சான்னு பாக்கலாம்" என்று ஆறு மணிக்கொரு தரம் அதே ஊசி சார்ட்டில் ஏறிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு அம்மா முனகிக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சிஸ்டர் போன் போட்டு யாரையோ கேட்டுவிட்டு ஒரு சீட்டை என் கையில் கொடுத்து, கீழே ஃபார்மஸியில் வாங்கி வரச் சொன்னார். தூக்க மாத்திரை, அல்ப்ரசோலாம் 0.5.

"வயசானவங்களுக்கு இது வேண்டாமே சிஸ்டர்" என்றேன்.

"நைட்டு நல்லா தூங்குனாத்தாம்மா ஜுரம் இறங்கும். டாக்டர் சொல்லியிருக்காங்க."

வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். மருந்து படித்தவள், 31 வருடம் மருந்து கொடுத்தவள், என் கையால்தான் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மறுநாள் பகல் முழுக்க அரைத் தூக்கம். ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை. சாயங்காலம் அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது, சிறுநீர் அடைத்துக்கொண்டது. டியூப் போட்டார்கள். அன்றிரவு அம்மா விட்டத்தைப் பார்த்து, "ஓட்டுல ஒழுகுதுடி, நெல்லு நனையுது, சாக்க எடுத்துப் போடு" என்று கத்தினார். அது குளிர்சாதன அறை, மேலே இருந்தது வெள்ளைப் பலகை. எங்கள் ஓட்டு வீட்டை இடித்து நாற்பது வருடம் ஆகிறது. என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். டியூபைப் பிடுங்கினார், ரத்தம் வந்தது. "கோஆப்பரேட் பண்ண மாட்டேங்கிறாங்க" என்று மனக் கொந்தளிப்பை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போட்டு, காஸ் துணி ரோலைக் கிழித்து இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். என்னிடம், "அட்டெண்டர் வெளிய இருங்க" என்றார்கள்.

இப்படிப் போனது ஒன்பது நாள். ஹாலோபெரிடால் தொடர்ந்ததில் உடம்பு விறைத்தது, அதற்கு டிரைஹெக்ஸிஃபெனிடில். திமிறிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த பிபி 170 என்று இருந்ததால் அம்லோடிபின் 5 மில்லிகிராம் 10 ஆனது. பத்து மில்லிகிராமில் கால் வீங்கியது, அதற்கு நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைடு. ஒவ்வொரு மாத்திரையும் முந்தைய மாத்திரையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் மருந்து எழுதும் இந்தச் சங்கிலியைப் பற்றி பவுலா ரோஷான், ஜெரி கர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1990களிலேயே பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். புதுக் கண்டுபிடிப்பு எதையும் உங்களிடம் நான் கேட்கவில்லை.

நாலு மாத்திரையோடு போன அம்மா பதினொரு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் "நோயாளி நலமாக உள்ளார்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தூக்கத்துக்கு ஒன்று, மனக் கொந்தளிப்புக்கு ஒன்று, விறைப்புக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று, வயிற்றுப் புண் வராமல் இருக்க ஒன்று, ஞாபகசக்திக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று. ஒன்றின் எதிரிலும் எத்தனை நாளைக்கு என்று இல்லை. ஃபுரோசமைடுக்கு 1-0-1 என்று போட்டிருந்தது. அதாவது இரவிலும் நீர் பிரிய மாத்திரை, கூடவே தூக்க மாத்திரை. வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்தது. நான் அன்று அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

கேஸ் ஷீட்டின் நகல் கேட்டேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகள் சொல்கின்றன. எனக்குக் கிடைக்க மூன்று வாரம் ஆனது. கிடைத்த அன்று இரவு லேப் சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நீங்களும் ஒரு நிமிடம் என்னோடு போட்டுப் பாருங்கள்.

அம்மாவின் கிரியாட்டினின் 1.1. "நார்மல்" என்று சீட்டு சொன்னது. டாக்டரும் "கிட்னி நல்லாயிருக்கு" என்றார். ஆனால் கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. 46 கிலோ எடையில் எலும்பும் தோலுமாக இருக்கும் ஒரு மூதாட்டிக்கு அந்த எண் எப்போதுமே குறைவாகத்தான் காட்டும், சிறுநீரகம் தேய்ந்திருந்தாலும். அதனால் வயது, எடை, பெண்ணா ஆணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். காக்க்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் தந்த வாய்பாடு இது: 140-இலிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72-ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கிவந்த எண்ணால் வகு, பெண்ணானால் 0.85-ஆல் பெருக்கு. 56 பெருக்கல் 46 என்றால் 2576. அதை 79.2-ஆல் வகுத்தால் 32.5. 0.85-ஆல் பெருக்கினால் 27.6. சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம் இது. இளம் வயதில் ஏறத்தாழ 100 இருக்கும் இடத்தில் என் அம்மாவுக்கு 28.

கிருமித் தொற்றுக்காக அவருக்குத் தினம் ஏற்றிய லெவோஃபிளாக்சசின் 750 மில்லிகிராம், இந்தக் கணக்கின் விடை 20-க்கும் 50-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் கொடுக்க வேண்டும். அந்த மருந்து உடம்பில் தேங்கினால் முதியவர்களுக்குக் குழப்பம் வரலாம் என்பது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இருக்கிறது. அல்ப்ரசோலாம் பாதியாகக் குறைய இளையவர் உடம்பில் சுமார் 11 மணி நேரம் ஆகும், முதியவர் உடம்பில் சுமார் 16. அதாவது நேற்று இரவு போட்ட மாத்திரை முழுதாக இறங்கும் முன்னால் இன்று இரவின் மாத்திரை உள்ளே போகிறது. ஃபெனிரமின் சிறுநீர்ப் பையைச் சுருங்க விடாது, மூளையையும் மந்தமாக்கும். சிறுநீர் அடைத்ததும் ஓட்டில் மழை ஒழுகியதும் இரண்டாம் நாள் இரவு ஏன் நடந்தது என்று அந்தச் சார்ட்டைக் கையில் எடுத்து நேரத்தோடு படித்துப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் தெரிந்துவிடும். ஜுரமும் கிருமித் தொற்றும்கூட வயதானவர்களைக் குழப்பும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஏணியை நான்கு பக்கமும் தள்ளியது யார்?

எண்பத்து நாலு வயது அம்மாவுக்கு அட்மிட் ஆன அன்று காலையிலும் இருந்தது. அன்று காலை அவர் பாக்கு வெட்டினார்.

இதெல்லாம் தெரியாத காலம் இல்லை இது. வயதானவர்களுக்குக் கொடுக்கத் தகாத மருந்துகள் எவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இலேயே பட்டியல் போட்டார். அதை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்துக்கொண்டே வருகிறது, 2023-இலும் புதுப்பித்தது. அயர்லாந்து மருத்துவர்கள் 2008-இல் இன்னொன்று தந்தார்கள். எதை நிறுத்த வேண்டும் என்பது அதில் ஒரு பாதி, வேண்டிய மருந்து எது விட்டுப்போயிருக்கிறது என்பது மறு பாதி. தூக்க மாத்திரைகள், பழைய அலர்ஜி மருந்துகள், டிரைஹெக்ஸிஃபெனிடில், காரணமில்லாமல் மாதக்கணக்கில் ஓடும் வயிற்றுப் புண் மாத்திரை பான்டோபிரசோல், குழப்பத்தில் இருப்பவரை அடக்குவதற்காக மட்டும் போடும் ஹாலோபெரிடால், எல்லாமே பியர்ஸ் பட்டியலில் எச்சரிக்கை பெற்றவை. மருந்தால் வரும் கடுமையான தீங்கை ஐந்து வருடத்தில் பாதியாகக் குறைப்போம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஜெர்மனியின் பான் நகரத்தில் அறிவித்தது. அந்த ஐந்து வருடம் எப்போதோ முடிந்துவிட்டது.

என் அனுபவத்தில் சொல்கிறேன். நம் மருத்துவமனைகளில் ஒரு மருந்தை ஆரம்பிக்க எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. டூட்டி டாக்டர் ஆரம்பிக்கலாம், கன்சல்டன்ட் ஆரம்பிக்கலாம், எலும்பு டாக்டர், மனநல டாக்டர், பார்க்க வந்த சர்ஜன் ஆளுக்கு ஒன்று ஆரம்பிக்கலாம். நிறுத்துவது மட்டும் யாருடைய வேலையும் இல்லை. "அது அவர் எழுதினது, நான் எப்படிக் கை வைக்கிறது?" என்று ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்தே சார்ட் நீண்டுகொண்டு போகிறது. ரவுண்ட்ஸில் "கன்டினியூ சேம்" என்ற இரண்டு வார்த்தை எழுத மூன்று வினாடி ஆகிறது. பதினொரு மருந்தையும் ஒவ்வொன்றாக ஏன் என்று கேட்க இருபது நிமிடம் ஆகும்.

நானும் இந்தக் குற்றத்துக்கு வெளியே நிற்பவள் இல்லை. கவுன்ட்டரில் நிற்கும்போது ஒரே பெரியவர் மூன்று ஓபி சீட்டோடு வருவார். தலைச்சுற்றலுக்கு எழுதிய புரோகுளோர்பெரசின் ஒரு சீட்டில், அதை மாதக்கணக்கில் சாப்பிட்டதால் வந்த கை நடுக்கத்துக்கு மாத்திரை இன்னொரு சீட்டில். எனக்குச் சந்தேகம் வரும். பின்னால் வரிசை வாசல் வரை நிற்கும். எண்ணிப் போட்டு அனுப்பிவிடுவேன். கேட்டுப்போன ஒன்றிரண்டு தரம், "மருந்து கொடுக்கறதோட உங்க வேலை முடிஞ்சுதும்மா" என்ற பதில் கிடைத்தது. அதற்குப் பிறகு அதிகம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரவுப் பணியில் அறுபது நோயாளிக்கு ஒரே டூட்டி டாக்டர் என்பது எனக்குத் தெரியும். சிஸ்டர்களுக்கு ஓர் இரவில் எத்தனை ஊசி, எத்தனை பதிவேடு என்பதும் தெரியும். என் அம்மாவின் கையைக் கட்டிய அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதுகூட இருக்காது. கட்டும்போது அவள் கையும் நடுங்கியது. ஒரு பாட்டி இரவில் தூங்கவில்லை என்றால் மாத்திரையைத் தவிர அவளுக்கு வேறு என்ன சொல்லிக் கொடுத்திருந்தீர்கள்?

சொல்லிக் கொடுக்க இருக்கிறது. அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் ஷாரன் இனோயே என்ற மருத்துவர் 70 வயதைத் தாண்டிய உள்நோயாளிகளுக்கு ஒரு முறையை வகுத்தார். தூக்கம் வராதவர்களுக்குச் சூடாகக் குடிக்க ஏதாவது, முதுகை நீவி விடுவது, மெல்லிய இசை, வார்டில் இரவுச் சத்தத்தைக் குறைப்பது. பகலில் எழுப்பி நடக்க வைப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும் கையெட்டும் இடத்தில் இருப்பது, இன்று என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டே இருப்பது. 852 பேரிடம் செய்து பார்த்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த மனக்குழப்பம் இந்த முறையில் 9.9 சதவீதமாக இறங்கியது. ஒரு தம்ளர் சூடான பாலும், முதுகை நீவிவிடும் ஒரு கையும் நம் வார்டில் கிடைக்காத பொருளா? அந்தக் கை கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறது. அதைத்தான் நீங்கள் "அட்டெண்டர் வெளிய இருங்க" என்று துரத்துகிறீர்கள்.

கனடாவின் கியூபெக்கில் இன்னொன்று செய்தார்கள். பல காலமாகத் தூக்க மாத்திரை வகையைச் சாப்பிட்டு வந்த முதியவர்களின் கையிலேயே ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தார்கள். இந்த மாத்திரை உங்களை என்ன செய்கிறது, மெல்ல மெல்ல எப்படிக் குறைப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது என்று அவர்கள் மொழியில் எழுதிய கையேடு. ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் அந்த மாத்திரையை முழுக்க விட்டுவிட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் விட்டவர்கள் 5 சதவீதம். நோயாளிக்கு விளங்கும்படி சொன்னதன் பலன் அது.

இந்த இடத்தில் படிக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் சாப்பிட்டு வந்த அல்ப்ரசோலாமைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். அம்மாவுக்குக் கடைசியில் உதவியவர் ஒரு முதியோர் நல மருத்துவர். எல்லா அட்டைகளையும் மேசை மேல் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது எதுக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டார். பதில் இல்லாதவற்றை இடது பக்கம் நகர்த்தினார். நாற்பது நிமிடம். இடது பக்கம் ஏழு அட்டை சேர்ந்தது. சிலதை அன்றே நிறுத்தி, தூக்க மாத்திரையை ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார். அம்லோடிபின் மறுபடி ஐந்தானது, கால் வீக்கம் தானாக வடிந்தது. இரண்டு மாதத்தில் அம்மா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதுமையின் விளைவு என்றால், மாத்திரையை நிறுத்தியதும் அது எங்கே போனது?

முதியோர் மருத்துவம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே மருத்துவர் வ.செ. நடராசன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். நாட்டிலேயே அதுதான் முதல் பிரிவு. முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பும் 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் முதலில் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். 2021 கணக்கீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், நாட்டில் கேரளாவுக்கு அடுத்த இடம். உங்கள் பொது வார்டில் இன்று படுத்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள், அந்த விகிதம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். இவர்கள் எல்லோரையும் கிண்டிக்கு அனுப்ப முடியாது. சீர்காழியிலும் சங்கரன்கோவிலிலும் இருக்கும் சாதாரண மெடிக்கல் வார்டில்தான் இது நடக்க வேண்டும்.

அதற்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். ஃபார்ம்.டி என்ற ஆறு வருடப் படிப்பு 2008-இலிருந்து இருக்கிறது. வார்டில் டாக்டரோடு ரவுண்ட்ஸ் போய் மருந்துகளைச் சரிபார்க்கவே பயிற்சி பெறும் பிள்ளைகள் அவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் இன்று இன்ஷூரன்ஸ் கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டும், வேறு ஊருக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

இனி நான் கேட்பவை.

அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் அட்மிட் ஆனால், 24 மணி நேரத்துக்குள் அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். வாயால் கேட்டு எழுதினால் போதாது. வீட்டிலிருந்து மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து, சித்த மருந்து உட்பட. அந்தத் தாளின் தலைப்பில் எடையையும், நான் லேப் சீட்டின் பின்னால் போட்ட அந்தக் கணக்கின் விடையையும் எழுதுங்கள். கிரியாட்டினின் "நார்மல்" என்பதை மட்டும் பார்த்து எந்த மருந்தின் அளவையும் முடிவு செய்யாதீர்கள்.

இந்த வயதினருக்குத் தூக்க மாத்திரையும், பழைய அலர்ஜி ஊசியும், ஹாலோபெரிடாலும் போனில் உத்தரவாகும் பழக்கத்தை நிறுத்துங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மருத்துவர் நேரில் வந்து நோயாளியைப் பார்த்துக் காரணம் எழுதட்டும், எத்தனை வேளை என்று எழுதட்டும். அதற்கு முன்னால் வலி இருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலச்சிக்கலா, பசியா என்று பார்க்கட்டும். குழப்பத்தில் இருப்பவர் பக்கத்தில் குடும்பத்தில் ஒருவர் இரவிலும் இருக்கட்டும். கையைக் கட்டாதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாளாவது, மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து வார்டு முதியவர்களின் சார்ட்டை வரிவரியாகப் படிக்க நேரம் ஒதுக்குங்கள். "இதை நிறுத்தலாமா?" என்று மருந்தாளுநர் எழுத சார்ட்டிலேயே ஒரு கட்டம் வேண்டும், அதற்கு மருத்துவர் ஆம், இல்லை என்று கையெழுத்தோடு பதில் எழுத வேண்டும். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்காதபடி இதை மருத்துவமனையின் விதியாகவே ஆக்குங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று தமிழில் ஒரு தாள் கொடுங்கள். எந்த மருந்து, எதற்கு, எந்தத் தேதி வரை. அதே தாளில் எந்தெந்தப் பழைய மருந்தை நிறுத்தினோம், எதன் அளவை மாற்றினோம் என்பதும் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அம்லோடிபினையும், மருத்துவமனையில் வேறு பெயரில் எழுதிக் கொடுத்த அதே அம்லோடிபினையும் ஒன்றாகச் சாப்பிட்டு மயங்கி விழுந்தார். மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணுக்கு யாராவது ஒரு தாள் கொடுத்திருந்தால் அவளே பார்த்துச் சொல்லியிருப்பாள்.

மருந்தால் தீங்கு நடந்தால் அதை முதுமை என்று எழுதி மூடாதீர்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்புங்கள். 1800-180-3024 என்ற எண்ணில் நோயாளியும் குடும்பமுமே தெரிவிக்கலாம் என்பதை வார்டுச் சுவரில் தமிழில் எழுதி வையுங்கள்.

செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு நாள். வழக்கமாக அன்று பேனர் கட்டி உறுதிமொழி எடுப்பீர்கள். வரும் செப்டம்பர் 17 அன்று பேனருக்குப் பதில், உங்கள் மருத்துவமனை வாசலில் ஒரு கணக்கை ஒட்டுங்கள்: இந்த வருடம் எத்தனை முதியவர்களை அனுமதித்தோம், எத்தனை பேரின் மருந்துப் பட்டியலைச் சரிபார்த்தோம், எத்தனை மருந்தை நிறுத்தி அனுப்பினோம்.

கடைசியாக, எனக்கு மூன்று வரி எழுதிய அந்த மருத்துவமனைக்கு. இழப்பீடு கேட்டு நான் வழக்குப் போடவில்லை. அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இரவின் நர்சிங் குறிப்புகள் எனக்குத் தந்த நகலில் இல்லை, அவற்றைக் கொடுங்கள். அம்மா பாக்குவெட்டியை இப்போது வலது கையால் மட்டும் அழுத்திப் பார்க்கிறார், பாக்கைப் பிடிக்க இடது கையில் பிடிமானம் இல்லை, உருண்டு ஓடிவிடுகிறது. ஒன்பது நாளில் அவருக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அதைக் கேட்கிறார்: "என் கைய ஏண்டி கட்டுனாங்க? நான் யாரையும் அடிச்சேனா?" இதற்கு ஒரு பதிலை, உங்கள் கண்காணிப்பாளர் கையெழுத்தோடு, தமிழில், அம்மாவின் பெயருக்கே எழுதி அனுப்புங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினால் அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு மருந்தாளுநர்,
கும்பகோணம் வட்டம்